நாகையா எழுந்து நின்ற ஆறு

எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அப்படி ஓர் ஆபீஸில் நாகையா பத்தொன்பது வருஷம் போர்மேனாக இருந்தார். காலை ஏழரை மணிக்கெல்லாம் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார். நைலான் சட்டை போட்டு வந்தவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார். ஆணி அடித்த செருப்பு, செல்போன், தீப்பெட்டி, பெண்களின் கொண்டையில் செருகிய இரும்பு ஊசி, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒரு ரூமுக்கு நாலு பேர் என்றால் நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தாலும் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். மேற்கே மேகம் திரண்டு ஒரு மின்னல் வெட்டினால் போதும், கையிலிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

"ஏண்ணே, ஒரு நாளைக்கு விட்டாத்தான் என்ன?" என்று யாராவது கெஞ்சுவார்கள்.

"வெடிக்கிறதும் ஒரு நாளைக்குத்தாம்லே" என்பார்.

முதுகுக்குப் பின்னால் அவருக்கு ரூல்ஸ் நாகையா என்று பெயர். அது அவருக்கும் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் அவர் பார்த்துக்கொண்ட ரூம்களில் யாருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. அதைப் பற்றி அவர் பெருமை பேசியதில்லை. அவரைப் போலவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த ஆட்களின் ரூம்களும் வெடித்துப் போயிருக்கின்றன என்பது அவருக்குத் தெரியும்.

அவருடைய அப்பா காரியாபட்டிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நாகையா பதினேழு வயதில் பட்டாசுக்கு வந்தார். மனைவி சண்முகத்தாயும் பட்டாசுக்காரிதான், வேறோர் ஆபீஸில் டப்பாவில் வெடி அடுக்குகிற வேலை. மூத்தவன் புகழேந்தி பாலிடெக்னிக் முடித்துவிட்டுப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் பானுப்பிரியா. ஆறாம் வகுப்பு. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான்.

2007-இல் தீபாவளி முடிந்து ஆபீஸைப் பூட்டிய நேரம். ஒரு மாதத்துக்கு வேலை கிடையாது. புகழேந்தி போன் போட்டான்.

"ப்பா, எல்லாரும் கிளம்பி வாங்க. குடகுக்குப் போவோம். அங்கன ஆத்துல ரப்பர் படகு விடுறாக. எங்க கம்பெனிப் பயலுக போயிட்டு வந்து ஒரு வாரமா அதத்தான் பேசுறானுக."

"படகுல போய் நான் என்னலே செய்யப் போறேன்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்ப்பா. உக்காந்து வந்தாப் போதும். அம்மா பட்டாசத் தவுர என்னத்தக் கண்டுச்சு?"

அந்தக் கடைசி வார்த்தையில் நாகையா விழுந்துவிட்டார். தண்ணீர் என்றால் அந்த வீட்டுக்குக் குற்றாலமும் திருச்செந்தூரும்தான். அவர்கள் ஊர்ப்பக்கத்து ஆறுகளில் வருஷத்தில் பத்து நாள் தண்ணீர் ஓடினால் ஆச்சரியம். மீதி நாளெல்லாம் மணலும் கருவேலமுள்ளும். அவர்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. அது ஒரு குறை என்று அதுவரை யாருக்கும் தோன்றியதுமில்லை.

பெங்களூருக்குப் போய், அங்கிருந்து மகனோடு மைசூர் வழியாகக் குடகுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆற்றைப் பார்த்ததும் சண்முகத்தாய் கரையிலேயே நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் மரங்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றன. தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"எம்புட்டுத் தண்ணிங்க. இது பாட்டுக்குப் போகுது, ஒருத்தரும் பிடிச்சு வைக்க மாட்டேங்காக" என்றாள்.

கரையில் ஒரு கூடாரம். வாசலில் ஒரு பலகை, அதில் ஆங்கிலத்தில் ஏதோ பத்துப் பன்னிரண்டு வரிகள். புகழேந்தி நான்கு தாள்களை வாங்கி வந்து எழுதிக்கொண்டிருந்தான். நாகையாவிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னான்.

"என்னலே போட்டுருக்கு இதுல?"

"பேரு, ஊரு, வயசுதாம்ப்பா."

அதற்குமேலும் இருபது வரிகள் அதில் இருந்தன. ஆபீஸில் ஒரு ஆளிடம் கைநாட்டு வாங்குவதற்கு முன்னால் முழுத் தாளையும் வாசித்துக் காட்டாமல் விடமாட்டார் நாகையா. இங்கே தனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சேலையோடு படகில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சண்முகத்தாய் மகனுடைய டிராக் பேண்டையும் பனியனையும் போட்டுக்கொண்டு கூடாரத்தை விட்டு வெளியே வர மறுத்தாள். பானுப்பிரியா கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "யாத்தா, ஊருல எவளும் பாத்தா என்ன சொல்லுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அரைக்கால் சட்டையில் நின்ற புருஷனைப் பார்த்ததும் தன் கூச்சத்தை மறந்து சிரித்துவிட்டாள்.

ஆளுக்கொரு ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் கொடுத்தார்கள். நாகையா தன்னுடையதை மாட்டி வார்களை இழுத்துப் பூட்டிக்கொண்டார். பிறகு வழக்கம்போல அவர் கண் மற்றவர்கள் மேல் போயிற்று. சண்முகத்தாய்க்குச் சரியாக இருந்தது. பானுப்பிரியாவின் ஜாக்கெட் பெரியவர்கள் போடுவது. வார்களைக் கடைசிவரை இழுத்தும் உடம்புக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் இன்னொரு பிள்ளை நுழையலாம் போல இருந்தது. அவர் அதன் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். ஜாக்கெட் அவள் காதுவரை ஏறியது. முகம் உள்ளே போய்விட்டது.

"ஏலே புகழு, இது பாப்பாவுக்கு ஆகாது. சின்னது கேளு."

புகழேந்தி போய்க் கைடிடம் கேட்டான். கைடு முப்பது வயது மதிக்கத்தக்க ஆள், வெயிலில் கறுத்த உடம்பு, நல்ல முகம். அவன் வந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான். சின்ன ஜாக்கெட்டுகளெல்லாம் முன்னால் போன படகில் போய்விட்டனவாம். வார்களை முறுக்கி இன்னொரு முடிச்சுப் போட்டான். பிறகு பானுப்பிரியாவைப் பார்த்துப் புகழேந்தியிடம் ஏதோ கேட்டான். புகழேந்தி ஆமாம் என்று தலையாட்டினான்.

"என்ன கேக்கான்?"

"ஒண்ணுமில்லப்பா. இறுக்கிட்டான், சரியாயிருக்காம்."

நாகையா மறுபடியும் தோள்பட்டையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் ஏறியது. இந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். தன் கேட்டில் என்றால் அந்தப் பிள்ளையை உள்ளேயே விட்டிருக்க மாட்டார். ஆனால் இது அவர் கேட் இல்லை. பாஷை தெரியவில்லை, ஆறு தெரியவில்லை, சுற்றி நின்ற எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தினம் இதைச் செய்கிறவர்களுக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டார். பானுப்பிரியாவோ ஹெல்மெட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தாள். அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

கைடு எல்லோரையும் வட்டமாக நிறுத்திப் பேசத் தொடங்கினான். கொஞ்சம் கன்னடம், கொஞ்சம் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம். நாகையாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். துடுப்பின் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக் காட்டினான். படகைச் சுற்றியிருந்த கயிற்றைத் தொட்டுக் காட்டினான். ஒரு பக்கமாக எல்லோரும் பாய்ந்து சாய வேண்டும் என்பதுபோல உடம்பை வளைத்தான். பிறகு தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் முன்னால் தூக்கி வைத்துக்கொண்டு, விரலை ஆட்டி ஆட்டி எதையோ கூடாது கூடாது என்று சொன்னான். அதை மூன்று தடவை சொன்னான்.

"என்னலே சொல்றான்? எதைக் கூடாதுங்கான்?"

புகழேந்தி புதிதாக வாங்கிய கேமராவைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். "விளுந்தாப் பயப்படாம மல்லாக்கப் படுத்துக்கிடணுமாம்ப்பா. ஜாக்கெட் மிதக்குமாம்" என்றான்.

அவ்வளவுதான் நாகையாவுக்குக் கிடைத்தது.

படகில் ஏழு பேர். இவர்கள் நாலு பேர், மைசூரிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, பின்னால் கைடு. நாகையா இடது பக்கம் முன்னால் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் பானுப்பிரியா. வலது பக்கம் புகழேந்தியும் சண்முகத்தாயும். அவர்களுக்குப் பின்னால் மைசூர்க்காரர்கள்.

தண்ணீர் பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு இறங்குகிற இடங்கள் வழியில் நான்கு இருந்தன. முதல் இறக்கத்தில் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு விழுந்தது, எல்லோரும் நனைந்தார்கள். சண்முகத்தாய் கத்தினாள். பயத்தில்தான் கத்துகிறாள் என்று நாகையா திரும்பிப் பார்த்தால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து அவர் பார்த்ததில்லை. இரண்டாவது இறக்கம் இன்னும் வேகம். "இன்னொண்ணுப்பா, இன்னொண்ணு" என்று பானுப்பிரியா அவர் முதுகில் குத்தினாள். நல்லவேளை வந்தோம் என்று அவருக்கே தோன்றியது.

மூன்றாவது இறக்கத்தில் படகு கொஞ்சம் திரும்பிவிட்டது. வலது பக்கமாக ஒரு பெரிய பாறையை நோக்கிக் குறுக்கே போயிற்று. கைடு பின்னாலிருந்து ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்தினான். மைசூர்க்காரரும் அவர் மனைவியும் வலது பக்கம், பாறையைப் பார்த்தே பாய்ந்து சாய்ந்தார்கள். நாகையாவுக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆபத்தைக் கண்டால் அதை விட்டு விலக வேண்டும் என்றுதான் அவர் முப்பது வருஷமாகப் பழகியிருந்தார். பாறையைப் பார்த்ததும் அவர் உடம்பு தானாக இடது பக்கம் சாய்ந்தது. பாப்பாவையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

இடது பக்கம் அமுங்கியது. அந்த விளிம்பின்மேல் ஆற்றுத் தண்ணீர் ஏறியது. வலது பக்கம் பாறையோடு மேலே எழுந்தது. ஒரு கதவைச் சாத்துவதுபோலப் படகு கவிழ்ந்தது.

தண்ணீருக்கடியில் அவருக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. ஜாக்கெட் அவரை மேலே தூக்கிவிட்டது. மூச்சை இழுத்தார். கால் எதிலோ தட்டியது. தரை. இடுப்பளவுதான் தண்ணீர். 'அட, ஆழமில்லை' என்று எழுந்து நின்றார்.

இரண்டு பாறைகளுக்கு நடுவில் இடது கால் இறங்கியது. அதை அவர் எடுக்க முயல்வதற்குள் பின்னாலிருந்து வந்த தண்ணீர் அவரை முன்னால் தள்ளியது. உடம்பு முன்னால் போயிற்று, கால் அங்கேயே நின்றது. கணுக்காலில் ஏதோ முறிகிற சத்தம் அவருக்குக் காதில் கேட்கவில்லை, உடம்புக்குள் கேட்டது. இடுப்பளவு தண்ணீர் அவரை மடக்கி முகத்தைக் கீழே அமுக்கியது. கைகளை ஊன்றி எழுந்தார். மறுபடியும் அமுக்கியது.

அப்படி ஒரு தடவை எழுந்தபோது பாப்பா வந்தாள்.

தலைகீழாகக் கிடந்த படகுக்கு இந்தப் பக்கமாக வந்தாள். ஜாக்கெட் அவள் தலைக்குமேல் ஏறியிருந்தது. கைகள் இரண்டும் மேலே தூக்கியபடி, முகம் உள்ளே. மஞ்சள் ஹெல்மெட்டின் உச்சி மட்டும் தெரிந்தது. அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான். அவர் எட்டினார். காலை விட்டுவிட்டுப் போக முடிந்திருந்தால் விட்டுவிட்டே போயிருப்பார். ஜாக்கெட்டின் வார் ஒன்று அவர் விரல்நுனியில் பட்டது, வழுக்கிக்கொண்டு போயிற்று. அவள் அவரைத் தாண்டிப் போனாள். வேகமாகக்கூடப் போகவில்லை. ஒருவர் நடக்கிற வேகத்தில்தான் போனாள். அந்த வேகத்துக்கு அவரால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை.

"பாப்பா" என்று கத்த வாயைத் திறந்தார். தண்ணீர் புகுந்தது.

கைடு அவரைக் கடந்து நீந்திக்கொண்டு கீழே போனான். அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போ, போ என்று நாகையா மனதுக்குள் அவனைத் தள்ளினார்.

பின்னால் வந்த இன்னொரு படகு கரையில் ஒதுங்கியது. அதிலிருந்தவர்கள் கயிறு எறிந்தார்கள். முதல் கயிறு கைக்கு வந்ததும் அவர் அதைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளப் போனார். கரையிலிருந்து எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. கயிற்றை வெறுமனே பிடித்துக்கொண்டார். பிறகு ஒருவன் கயிற்றோடு எதிர்க்கரைக்குப் போனான். ஆற்றுக்குக் குறுக்கே இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, கயிறு அவர் நெஞ்சுக்கு வரும்படி வைத்தார்கள். அதன்மேல் சாய்ந்துகொண்ட பிறகுதான் அவரால் முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்க முடிந்தது. இரண்டு பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்து, ஒருவன் குனிந்து காலை வந்த வழியே இழுத்து எடுத்தான்.

ஏழெட்டு நிமிஷம் அப்படி நின்றிருப்பார் என்று பிறகு சொன்னார்கள். அதை அவர் நம்பவில்லை.

கரையில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். இடது பாதம் உடம்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு திசையில் திரும்பியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. தவழப் பார்த்தார், ஒருவன் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். நாகையா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பிள்ள, எம் பிள்ள" என்று கீழே கை காட்டினார். அவன் தலையாட்டினான். அவன் பாஷையில் ஏதோ சொன்னான். நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

சண்முகத்தாய் வந்தாள். அவள் படகைச் சுற்றியிருந்த கயிற்றைப் பிடித்தவள் விடவே இல்லை. படகோடு போய்க் கரையில் ஒதுங்கியிருக்கிறாள். மகனுடைய பேண்ட் ஈரத்தில் காலைச் சுற்றிக்கொள்ள, பாறைகளில் விழுந்து எழுந்து வந்தாள்.

"பிள்ள எங்கங்க?"

அவர் ஆறு போகிற பக்கம் பார்த்தார்.

"உங்க பக்கந்தான உக்காந்திருந்தா? பிள்ள எங்கங்க?"

"கீள போயிட்டா."

"நீங்க பிடிக்கலியா?"

"எட்டல தாயி."

கட்டின பெண்டாட்டியை அவர் தாயி என்று அதுவரை கூப்பிட்டதில்லை. அவள் அவருடைய காலைப் பார்த்தாள். பிறகு ஆற்றைப் பார்த்தாள். பிறகு கரையோரமாகக் கீழே ஓடினாள். அவர் படுத்தே கிடந்தார்.

எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை. அவர் தலைக்கு மேலே ஒரு மரக்கிளையில் ஒரு குருவி கத்திக்கொண்டே இருந்தது. அது அடங்கினால் தேவலை என்று இருந்தது. ஒருவனிடம் இருந்த வயர்லெஸ் பெட்டி கரகரத்தது. அவன் பதில் சொன்னான். நாகையா அவன் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆபீஸில் எங்காவது புகை தெரிந்தால் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். எந்த ரூமைத் திறப்பது, யாரை எந்தப் பக்கம் ஓடச் சொல்வது, எங்கே மணல், எங்கே தண்ணீர், எல்லாம் தெரியும். இங்கே செய்வதற்கு ஒன்றுகூட இல்லை.

கீழேயிருந்து புகழேந்தி வந்தான். கையில் ஒரு ஜாக்கெட். வார்களெல்லாம் பூட்டியபடி, அந்த இரண்டாவது முடிச்சும் அவிழாமல், உள்ளே ஆள் மட்டும் இல்லாமல் இருந்தது. ஒரு கிளையில் மாட்டியிருந்ததாம். அதை அப்பாவிடம் கொண்டுவர வேண்டும் என்று அவனுக்கு ஏன் தோன்றியது என்று அவனுக்கே தெரியவில்லை. கொண்டுவந்து நின்றான்.

நாகையா படுத்தபடியே அதை வாங்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். புகழேந்தி முழங்காலில் உட்கார்ந்து அழுதான்.

அப்புறம்தான் வயர்லெஸ் மறுபடியும் கரகரத்தது. இந்தத் தடவை அதை வைத்திருந்தவன் பதில் சொல்லாமல் நாகையாவை நோக்கி ஓடிவந்தான். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, மூச்சை இழுத்து விட்டுக் காட்டினான். மறுபடியும் இழுத்து விட்டுக் காட்டினான். அந்த ஒன்றை மட்டும் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வளைவு தாண்டி, தண்ணீர் தேங்கிச் சுழல்கிற ஓர் இடத்தில் கைடு பானுப்பிரியாவைப் பிடித்திருக்கிறான். பிடிக்கும்போது அவளுக்கு மூச்சில்லை. பாறைமேல் கிடத்தி வாயோடு வாய் வைத்து ஊதியிருக்கிறான், நெஞ்சை அமுக்கியிருக்கிறான். அவள் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதிருக்கிறாள். ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாகையாவை ஏற்ற வந்தது வேறொரு ஜீப்.

நுரையீரலில் தண்ணீர் போயிருந்ததால் நாலு நாள் அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். முதல் இரண்டு நாள் டாக்டர்கள் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் கட்டுப்போட்ட காலோடு நாகையா. மேல்மாடியில் பிள்ளை. சண்முகத்தாய் மாறி மாறி ஏறி இறங்கினாள். வரும்போதெல்லாம், "கண்ணு முளிச்சுப் பாத்தா" என்பாள், "கஞ்சி குடிச்சா" என்பாள். அதற்கு மேல் அவரோடு பேசமாட்டாள்.

மூன்றாம் நாள் கைடு வந்தான். கூட ஜீப் டிரைவர் கனகசபாபதி. அவருடைய பெற்றோர் காலத்திலேயே காப்பித் தோட்டத்து வேலைக்குப் போன தமிழ்க்குடும்பம். கைடு கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டு மெதுவாகப் பேசினான். டிரைவர் தமிழில் சொன்னார்.

"அண்ணே, அவன் கேக்கான். ஓடுற தண்ணியில எழுந்து நிக்கவே கூடாதுன்னு மூணு தடவை சொன்னேனே, கால் பாறையில மாட்டிக்கிட்டா தண்ணி ஆளை அமுக்கிக் கொன்னுடும்னு சொன்னேனே, ஏன் எழுந்து நின்னீங்கன்னு கேக்கான்."

நாகையா அவனையே பார்த்தார். விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னது அதுதான்.

"பாறையில மோதப் போறப்ப பாறைப் பக்கமாத்தான் சாயணும், அப்பத்தான் படகு கவிழாதுன்னும் சொன்னானாம். கயித்தை எப்பவும் கையில சுத்தக் கூடாதாம்."

"எனக்கு வெளங்கலன்னு சொல்லுங்க."

டிரைவர் சொன்னார். கைடு அவருடைய கட்டுப்போட்ட காலைப் பார்த்தான். பிறகு வேறொன்று சொன்னான். டிரைவர் அதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார்.

"அந்தப் பிள்ளைக்கு ஜாக்கெட் பத்தாதுன்னு அவனுக்கும் தெரிஞ்சுதாம். பதினாலு வயசுன்னு தாள்ல போட்டிருந்துச்சாம். பாத்தா அப்படித் தெரியலையேன்னு உங்க மகன்கிட்டயும் கேட்டானாம். ஆமான்னு சொன்னதும் விட்டுட்டானாம். விட்டிருக்கக் கூடாதுங்கான்."

நாகையா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மகனைப் பார்த்தார். புகழேந்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினாலுக்குக் கீள ஏத்த மாட்டோம்னு பலகையில போட்டுருந்துச்சுப்பா. ஏங்கிப் போயிருவாளேன்னு நாந்தான் மாத்தி எளுதுனேன்."

அடிக்கக் கை ஓங்கியிருப்பார். அவனும் அதற்குத்தான் காத்திருந்ததுபோல இருந்தது. ஆனால் நாகையாவின் கைகளுக்கு அந்தத் தோள்பட்டையைத் தூக்கிப் பார்த்த ஞாபகம் இருந்தது. ஒரு தடவையல்ல, இரண்டு தடவை.

"நீ வயசத்தாம்லே மாத்துன. நான் பாத்துட்டுப் பேசாம இருந்தேன்" என்றார்.

யார்மேலும் புகார் கொடுக்கவில்லை. கொடுப்போமா என்று புகழேந்தி கேட்டான். எல்லாம் என் பொறுப்பு என்று அந்தத் தாளில் எழுதியிருந்ததாக அப்போதுதான் அவன் முழுவதும் வாசித்துச் சொன்னான். கீழே நாகையாவின் கையெழுத்து, தமிழில், தெளிவாக இருந்தது. தவிர, பிள்ளையை ஊதி எழுப்பியவனும் அதே ஆள்தான். அவனை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மதுரையில் ஆபரேஷன் செய்து கணுக்காலில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது, கால் பழையபடி மடங்கவில்லை. நாலு மாதம் கழித்து ஆபீஸுக்குப் போனார். முதலாளி நல்ல மாதிரி. ஆனால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட முடியாத ஆளைப் போர்மேனாக வைத்துக்கொள்ள முடியாது என்பது அவரைவிட நாகையாவுக்கு நன்றாகத் தெரியும். வருகைப் பதிவு எழுதுகிற மேஜையில் உட்கார வைத்தார்கள். புகழேந்தி நடுவில் வந்த பொங்கலுக்கு ஊருக்கு வரவில்லை. போனில் பேசுவான். "கால் எப்படிப்பா இருக்கு?" என்பான். "இருக்குலே" என்பார்.

சண்முகத்தாய் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினாள். ஆனால் பானுப்பிரியா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "ஏட்டி, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு குடம் தண்ணீரில் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும் என்று நாகையா சொல்ல நினைப்பார், சொல்லமாட்டார். அவருக்கும் அந்தக் கதவைத்தான் காது கேட்டுக்கொண்டிருக்கும்.

பயமில்லாமல் இருந்தது பானுப்பிரியா ஒருத்திதான். கோடை விடுமுறையில் மல்லாங்கிணற்றுக்கு, சண்முகத்தாயின் தம்பி கண்ணுச்சாமி வீட்டுக்குப் போனார்கள். அவர் குத்தகைக்குப் பார்த்த காட்டில் ஒரு கிணறு இருந்தது, அந்த வருஷம் பாதிக் கிணறு தண்ணீர்.

"மாமா, எனக்கு நீச்சல் பளக்கி விடுங்க" என்றாள்.

சண்முகத்தாய் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணுச்சாமி அக்காளையும் அத்தானையும் பார்த்தார்.

"என்னத்தான் சொல்றீக?"

"நான் என்னத்தச் சொல்ல?" என்றார் நாகையா. தட்டிக்கழிக்க அப்படிச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டி நாலு நாள் பழக்கினார் கண்ணுச்சாமி. கட்டுவதற்கு முன்னால் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் கேனைக் கழற்றிவிட்டார். நாகையா கிணற்று மேட்டில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சண்முகத்தாய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு.

பானுப்பிரியா மூன்றாவது படியிலிருந்து குதித்தாள். தண்ணீர் திறந்து மூடிக்கொண்டது. நாகையா எழுந்துவிடப் பார்த்தார். இடது கால் மடங்காமல் பாதியிலேயே உட்கார்ந்தார். எழுந்துதான் என்ன செய்திருப்பார்? அவருக்கு இப்போதும் நீச்சல் தெரியாது. தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை போய்ச் சுவரில் முட்டியது. அவர் சண்முகத்தாயின் கையைப் பிடித்தாரா, அவள் அவர் கையைப் பிடித்தாளா என்று தெரியவில்லை.

எதிர்ப்பக்கம் அவள் தலை வந்தது. வாயிலிருந்த தண்ணீரைப் பீய்ச்சித் துப்பினாள். கையை அடித்து அடித்துப் படிக்கு வந்து, பல்லெல்லாம் தெரிய மேலே பார்த்தாள்.

"இன்னொரு தடவ குதிக்கட்டாப்பா?"

அவர் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை, ஈரக்காலோடு படியேறிக்கொண்டிருந்தாள்.